மாத்திரை முடிந்த பிறகும் ஆறாத வாலெலும்புக் கட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசித்துக்கொண்டு, புதுச்சேரியிலுள்ள வேலைக்கு நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் போய்வரும் 24 வயது இளைஞர் ஒருவரின் கேள்விக்கு இது பதில். ஆறு மாதங்களுக்கு முன் வாலெலும்புக்குமேல் பிட்டப் பிளவில் அவருக்கு ஒரு கட்டி வந்து, தானே உடைந்து சீழ் வடிந்திருக்கிறது. பைலோனிடல் சைனஸ் என்று மருத்துவர் சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். ஐந்து நாள், ஐந்து நாள், பிறகு பத்து நாள் என்று மூன்று முறை மாத்திரை சாப்பிட்டும், ஒவ்வொரு முறையும் சில வாரம் அடங்கியிருந்து மறுபடி கசிகிறது. இப்போது வலி இல்லை; ஆனால் ஒரு புள்ளி போன்ற துளையும், உள்ளாடையில் கறையும், இலேசான நாற்றமும் இருக்கின்றன. இன்னும் வீரியமான மருந்து வேண்டுமா, அறுவை சிகிச்சைதான் வழியா, அறுத்தாலும் திரும்ப வரும் என்கிறார்களே, இது பவுத்திரம்தான் என்று அம்மா சொல்வது சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

நான்காவது முறை மாத்திரை வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தின் வீரியம் போதாததால்தான் இது ஆறவில்லை என்று எண்ண வேண்டாம். மருந்து செய்யக்கூடிய வேலை முடிந்துவிட்டது என்பதே உண்மை. பிட்டப் பிளவின் ஆழத்தில் தோலின் சிறு துளை வழியாக முடிகள் உள்ளே நுழைந்து, தோலுக்கடியில் ஒரு கூடு போலத் திரண்டு கிடப்பதுதான் இந்த நோய். பைலோனிடல் என்ற சொல்லுக்கே முடிக்கூடு என்றுதான் பொருள். ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியே பயணம் செய்வது. செத்த முடிக்குள் இரத்தம் ஓடுவதில்லை, தேங்கிய சீழுக்குள்ளும் மருந்து போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. ஆகவே சுற்றியுள்ள சதையில் பரவிய கிருமியை மருந்து அடக்கும், சிவப்பும் வலியும் குறையும், ஆனால் முடி அங்கேயே இருக்கும். சிலாம்பு உள்ளே நிற்கும்போது விரலின் மேல் எத்தனை களிம்பு தடவினாலும் என்ன ஆகுமோ, அதே கதைதான் இங்கேயும்.

முடி எப்படித் தோலைத் துளைக்கும் என்று பலர் நம்ப மறுக்கிறார்கள். கரம்பில் நடந்து வந்தால் ஊசிப்புல் வேட்டியோரத்தில் ஏறிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாம் நடக்க நடக்க அது முன்னோக்கி மட்டுமே நகரும், பின்னால் வராது. முடியின் மேற்பரப்பிலும் அதுபோன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. உட்கார்ந்து எழும்போதும், வண்டியில் குலுங்கும்போதும் இரு பிட்டங்களும் ஒன்றோடொன்று உரச, பிளவில் விழுந்த முடி, வியர்வையில் ஊறி மிருதுவான தோலுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. அது அந்த இடத்தில் முளைத்த முடியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. தலையின் பின்புறத்திலிருந்து உதிர்ந்த, கத்தரியால் வெட்டுண்டு கூரான முனையோடு முதுகின் வழியே இறங்கிய துண்டு முடிகளும் உள்ளே கிடப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முடி வெட்டிக்கொண்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விரட்டுவது வேறு காரணத்துக்காக என்றாலும், இந்த நோயுள்ளவர்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கலாம்.

இது பிறவியிலேயே வருவது என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1833-இல் ஹெர்பர்ட் மேயோ இதை விவரித்தார். 1880-இல் ஹாட்ஜஸ் இன்றைய பெயரைச் சூட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறக்குறைய 80,000 வீரர்கள் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கரடுமுரடான பாதையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போனவர்கள் பலர் என்பதால் ஜீப் நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1946-இல் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விரலிடுக்கில் வாடிக்கையாளர்களின் முடி புகுந்து இதே நோயை உண்டாக்கியிருப்பதைக் காட்டினார்கள். விரலிடுக்கில் பிறவிக் கட்டி வர வழியில்லை அல்லவா? இந்தப் பழங்கதைக்கு இன்றும் பயன் இருக்கிறது. பிறவிக் கட்டி என்று நம்பிய காலத்தில், வேரோடு எடுக்க வேண்டும் என்று எலும்பு வரை அகலமாகத் தோண்டினார்கள். வெளியிலிருந்து வந்த முடிதான் காரணம் என்றால், முடியையும் அது நுழைந்த துளையையும் நீக்கினால் போதும், அந்தப் பிளவின் ஆழத்தையும் ஈரத்தையும் குறைத்தால் போதும் என்ற சிந்தனை பிறக்கிறது. இன்றைய நல்ல சிகிச்சை முறைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைத்தன.

ஆன்டிபயாடிக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு கட்டியைத் தாண்டிப் பரவினால், காய்ச்சல் இருந்தால், சர்க்கரை நோயோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு நோயோ மருந்தோ இருந்தால், அது வேண்டும். மற்றவர்களுக்குச் சீழை முறையாகத் திறந்துவிட்ட பிறகு பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் மட்டும் கூடாது. உண்மையாகவே மருந்து தேவைப்படும் நாளில் கிருமி அதற்கு அடங்காது.

அடுத்து அம்மாவின் சந்தேகம். அது நியாயமான சந்தேகம். நம் ஊரில் பின்புறத்தில் சீழ் வடிந்தால் எல்லாமே மூலம் அல்லது பவுத்திரம்தான். பவுத்திரத்தின் குழல் ஆசனவாயின் உட்புறத்தில் தொடங்கி, ஆசனவாய்க்கு அருகே தோலில் திறக்கும். பைலோனிடல் துளைகளோ ஆசனவாய்க்குச் சில விரற்கடை மேலே, சரியாக நடுக்கோட்டில், ஊசியால் குத்தியது போல ஒன்றோ பலவோ வரிசையாக இருக்கும். சிலவற்றில் முடி எட்டிப் பார்க்கும். கசியும் வாய் மட்டும் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, பெரும்பாலும் மேல்நோக்கி இருக்கும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். கண்ணாடியில் முறுக்கிப் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரியும். அறுவை மருத்துவர் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார், ஸ்கேன் தேவையில்லை. துளை ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலோ, குழல் கீழ்நோக்கிப் போனாலோ எம்.ஆர்.ஐ எடுத்துப் பவுத்திரம் இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இதேபோன்ற கட்டிகள் வந்துபோகின்றன என்றால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம், மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 24 வயதில் எனக்கு எங்கே சர்க்கரை என்று சொன்னவர்களில் சிலருக்கு அது இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அறுவை செய்தால் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசநோய்ப் புண்ணும் நம் நாட்டில் இப்படி ஆறாமல் நிற்பதுண்டு. பல ஆண்டுகளாக வடிந்துகொண்டே இருக்கும் புண்ணில் மிக அரிதாகப் புற்றுநோய் வருவதும் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஆறு மாதக் கசிவுக்கு அந்த அச்சம் தேவையில்லை.

நோயறிதல் உறுதியானால், செய்ய வேண்டியது அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துளை மட்டும் இருந்து கசிவோ வலியோ ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அறுவை வேண்டாம். முடியை நீக்குவதும் சுத்தமும் போதும். திடீரென்று வீங்கி, உட்கார முடியாமல், தொட்டால் உயிர் போகும் வலியோடு சீழ் கட்டியிருந்தால் அன்றைக்கே திறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பது வலியைத்தான் நீட்டிக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கீறி, தெரியும் முடியையெல்லாம் எடுத்து, தையல் போடாமல் விடுவதே முறை. நடுக்கோட்டில் கீறினால் அந்தக் காயம் ஆற மறுக்கும். இப்படித் திறந்துவிடப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதோடு ஆறிவிடுகிறது என்பதால், சீழ் கட்டிய அன்றே பெரிய அறுவை செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கட்டி தானாக உடைந்ததில் சீழ் போயிற்று, முடி போகவில்லை.

நீங்கள் மூன்றாவது நிலையில் இருக்கிறீர்கள். வலி இல்லை, ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் கசிகிறது. இதற்கு முழுமையான சிகிச்சை தேவை, ஆனால் அவசரம் இல்லை. அந்த அவகாசத்தைத் தேர்வுகளைப் புரிந்துகொள்வதற்குப் பயன்படுத்துங்கள்.

பழைய முறை, நோயுற்ற பகுதி முழுவதையும் வெட்டியெடுத்துக் காயத்தைத் திறந்தே விட்டு, அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து தானே மூடட்டும் என்று காத்திருப்பது. திரும்ப வருவது குறைவு, ஆனால் முற்றிலும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆறுவதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும். தினமும் கட்டுப் போட வீட்டில் ஆளில்லாதவர்களுக்கும், நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கும் இது பெரிய தண்டனை. இரண்டாவது முறை, வெட்டியெடுத்த இடத்தை நேராக நடுக்கோட்டிலேயே தைத்துவிடுவது. பார்ப்பதற்கு எளிது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளிக்கும் பிடித்திருக்கும். ஆனால் தையல் விழும் இடம், முடி இறங்கிய அதே ஆழமான ஈரப் பள்ளம். தையல் பிரிவதும் நோய் திரும்புவதும் இதில் அதிகம் என்பது பல ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் தெளிவாகியிருக்கிறது. அறுத்தாலும் திரும்ப வரும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பெரும்பாலும் இந்த முறையில் அறுத்தவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது வகைதான் இந்த நோயின் போக்கை மாற்றியது. கிரேக்க இராணுவ அறுவை மருத்துவர் கரிடாகிஸ் 1973-இல் வெளியிட்ட முறையில், நோயுற்ற பகுதியைச் சாய்வாக வெட்டியெடுத்து, ஒரு பக்கத்துத் தோலையும் கொழுப்பையும் மடலாகப் பெயர்த்து மறுபக்கம் இழுத்துத் தைக்கிறார்கள். தையல் நடுக்கோட்டைவிட்டு விலகி, காற்றுப்படும் மேட்டில் விழுகிறது. பள்ளமும் ஆழம் குறைந்துவிடுகிறது. லிம்பர்க் முறையில் சாய்சதுரமாக வெட்டியெடுத்த இடத்தைப் பக்கத்துப் பிட்டத்திலிருந்து திருப்பிய மடலால் நிரப்புகிறார்கள். நம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் பழகிப்போன முறை இது. அமெரிக்க மருத்துவர் பாஸ்கமின் முறை பிளவையே தூக்கி மேடாக்குகிறது. இவை மூன்றிலும் நோய் திரும்புவது கணிசமாகக் குறைவு. விலையாக, தழும்பு பெரிது. லிம்பர்க் முறையில் பிட்டத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். தோல் சில மாதம் மரத்திருக்கும். சில வாரம் வண்டி ஓட்டக் கூடாது.

கடைசியாகச் சிறு முறைகள். நடுக்கோட்டுத் துளைகளை மட்டும் நெல்மணி அளவுக்குக் கொத்தியெடுத்து, பக்கத்துக் கீறல் வழியே உள்ளேயுள்ள முடியைச் சுரண்டி எடுப்பது ஒன்று; இதுவும் பாஸ்கம் தந்ததே. குழலுக்குள் ஃபீனால் என்ற அரிக்கும் இரசாயனத்தை இடுவது, லேசர் நார் விட்டுக் குழலைச் சுட்டு மூடுவது, சிறு கேமரா விட்டு நேரில் பார்த்துச் சுத்தம் செய்வது ஆகியவையும் உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், சில நாளில் வேலைக்குப் போகலாம். பெரிய மடல் அறுவையைவிட நோய் திரும்பும் வாய்ப்பு இவற்றில் கூடுதல்தான், ஆனால் திரும்பினால் இதையே மறுபடி செய்யலாம், அடுத்த வழி எதுவும் அடைபட்டுப்போவதில்லை. லேசர் என்ற சொல்லுக்கு மட்டும் தனி மந்திரம் எதுவும் இல்லை. மூலம், பவுத்திரம், லேசர் என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் போகாதீர்கள். லேசர் குழலைச் சுடுவதற்குமுன் முடியை முழுதும் எடுத்தார்களா என்பதில்தான் பலன் இருக்கிறது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உள்ள, காரம் தோய்த்த நூலைக் குழலுக்குள் கட்டும் காரநூல் சிகிச்சை பவுத்திரத்துக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. இதற்கும் சிலர் கட்டுகிறார்கள். போவதென்றால் அதற்கென்று பட்டம் பெற்றவர்கள் இருக்கும் அரசு நிறுவனத்துக்குப் போங்கள். வீட்டில் வைத்துக் காரம் வைப்பவரிடம் போகாதீர்கள்.

உங்கள் விவரத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், ஒரு துளை, சிறு கசிவு, இதுவரை கத்தி படாத இடம் என்ற நிலையில் நான் சிறு முறையிலிருந்துதான் தொடங்குவேன். நேரில் பார்த்து ஐந்தாறு துளைகள் இருந்தாலோ, பிளவு மிக ஆழமாக இருந்தாலோ, சுற்றிவளைக்காமல் மடல் அறுவைக்குப் போவதே நல்லது. அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது, தழும்பு எங்கே விழும் என்பது. நடுக்கோட்டில் என்று பதில் வந்தால், பக்கவாட்டில் தைக்கும் முறை உங்களுக்குப் பழக்கமா என்று மரியாதையாகக் கேளுங்கள்; நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார். காயத்தைத் திறந்து விடுவீர்களா, கட்டு யார் மாற்றுவது, எத்தனை நாள் விடுப்பு என்பவற்றையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு உயர்சிறப்பு மருத்துவர் தேவையில்லை, பொது அறுவை மருத்துவரே போதும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ, அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பொது அறுவைப் பிரிவின் புறநோயாளிகள் பகுதியில் காட்டலாம். ஜிப்மருக்கு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளம். திடீரென்று சீழ் கட்டிக் காய்ச்சலடித்தால் புறநோயாளி வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரையில் பாதித் தோல்வி அங்கேதான் நடக்கிறது. திறந்த காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று பத்து நாள் குளிக்காமல் இருப்பவர்கள் உண்டு, அது தவறு. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, காலையில் மலம் கழித்த பிறகும் மாலையிலும், குழாய்த் தண்ணீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவுவதுதான் சிறந்த மருந்து. கழுவியபின் ஒற்றியெடுத்து உலர்த்தி, துணிக்கட்டைத் தளர்வாக வைக்க வேண்டும். காயத்தை அடைத்துத் திணித்தால் வலிக்கும், ஆறவும் தாமதமாகும். மஞ்சள், தேங்காயெண்ணெய், முகப்பவுடர் எதுவும் அதற்குள் போகக் கூடாது. அடியில் பவழம் போலச் சிவந்த சதை வளர்ந்தால் நன்றாக ஆறுகிறது என்று பொருள். வெளுத்து, வழவழவென்று, தொட்டால் இரத்தம் வரும் சதை மேலெழுந்தாலும், காயத்தின் இரு ஓரங்களும் மேலே ஒட்டிக்கொண்டு அடியில் பொந்து நின்றாலும் உடனே காட்டுங்கள். வாரம் ஒருமுறை காயத்தை மருத்துவரோ செவிலியரோ பார்த்து, விழுந்த முடிகளை எடுக்க வேண்டும். தைத்த காயத்தில் காய்ச்சல், பரவும் சிவப்பு, திடீர்க் கசிவு இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

முடியைப் பற்றி ஒரு திருத்தம். சவரக்கத்தியால் அடிக்கடி மழிப்பதுதான் தடுப்பு என்று முன்பு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் நீண்ட காலம் மழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்ததாக ஆய்வுகள் வந்தபின் நான் அப்படிச் சொல்வதில்லை. கூர்முனை கொண்ட குட்டை முடியைக் கத்தி உண்டாக்குகிறது என்பது பொருந்திவரும் விளக்கம். காயம் ஆறும்வரை சுற்றியுள்ள முடியை மின்கருவியால் ஒட்ட வெட்டலாம். ஆறிய பிறகு முடி நீக்கும் களிம்பைப் பயன்படுத்தலாம், திறந்த புண்ணில் அது படக் கூடாது. வசதி இருந்தால் லேசர் முடிநீக்கம் மேல், நோய் திரும்புவதை அது குறைக்கிறது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் ஆகும். நம்மைப் போன்ற கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் வகையே பாதுகாப்பானது. வேறு வகையில் தோல் சுட்டுப்போக வாய்ப்பு அதிகம் என்பதால் தோல் மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். காயம் ஆறுவதை அது நேரடியாகக் கெடுக்கிறது. வேலையில் மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். கன்னியகோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நாளும் இருவேளை இருபது கிலோமீட்டருக்குமேல் வண்டியில் குலுங்குவதை அறுவைக்குப் பிந்தைய மாதத்திலாவது பேருந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் நிற்க நேர்ந்தாலும் அது உட்காருவதைவிட நல்லதே. கடற்கரைப் புழுக்கத்தில் நனைந்த உள்ளாடையோடு மாலைவரை இருக்காமல், அலுவலகத்தில் ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது அரிது.

வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைப்பவர்கள்தான் என்னிடம் மிக மோசமான நிலையில் வருகிறார்கள். ஆண்களுக்கே இது அதிகம் என்றாலும், நீண்ட கூந்தலுள்ள கல்லூரி மாணவிகளும் வருகிறார்கள், அவர்கள் வருவது இன்னும் தாமதமாக. நீங்கள் எழுதிக் கேட்டதே பெரிய படி. அடுத்த வாரத்துக்குள் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, கைப்பேசிப் படத்தோடும், மூன்று முறை சாப்பிட்ட மருந்துச் சீட்டுகளோடும், ஒவ்வொரு முறையும் கசிவு தொடங்கிய தேதியை எழுதிய தாளோடும் அறுவைப் பிரிவுக்குப் போங்கள். இப்போது வீக்கம் இல்லாமல் அடங்கியிருப்பதால், துளைகளை எண்ணிப் பார்க்கவும் குழல் எந்தப் பக்கம் போகிறதென்று தடவிப் பார்க்கவும் மருத்துவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.